மூணாம் பிளாக்கின் போதகர்

— காய்ச்சல் விட்டுச்சா, பிரதர் ஓடெல்? போன ஞாயித்துக்கிழம தலையத் தூக்க முடியாமக் கெடந்தீங்களாமே.

— பக்கத்து செல்லு மார்செல்தான் சூப்பு ஊத்தி எந்திரிக்க வச்சான். அத விடுங்க, பாஸ்டர். பரோல் போர்டு என்ன சொல்லுச்சு?

— ஸ்தோத்திரம். இப்படித் திருந்தின கைதிய நாங்க பாத்ததே இல்லன்னு எல்லாரும் ஒரே வாயாச் சொன்னாங்க.

— அப்ப விடுதலையா?

— அதான் இல்ல, பிரதர்.

— புரியல.

— ஜெயில் வார்டன் உங்களப் புகழ்ந்துதான் பேசினாரு. நீங்க பைபிள் வகுப்பு ஆரம்பிச்சப்புறம் மூணாம் பிளாக்குல கத்திக்குத்தே கெடையாதாம். இவர் போயிட்டா பிளாக் பழையபடி ஆயிடும்னாரு. போர்டுல ஒரு அம்மா கண்ணத் தொடச்சுக்கிட்டே, இவரோட ஊழியம் ஜெயிலுக்கு உள்ளதான்னுட்டாங்க.

— எங்க பிளாக்கு ஃபான்டனோவ மட்டும் விட்டுட்டாங்க. ஜெபம்னாலே காறித் துப்புவான்.

— அவர் போனா யாருக்கும் நஷ்டமில்லையே.

— என் பேத்தி நியூ ஆர்லியன்ஸ்ல பள்ளிக்கூடம் போறா, பாஸ்டர். நான் இன்னும் அவளத் தொட்டதில்ல.

— கர்த்தர் ஒரு வழி வச்சிருக்காரு. உங்க எடத்துக்கு ஒரு ஆள் கெடைச்சா, உங்க மனுவ உடனே திரும்ப எடுத்துக்குவாங்களாம். போன ஞாயித்துக்கிழம நான் ஊர்ல இல்லையா, உங்க பிளாக்குல யாரோ பிரசங்கம் பண்ணிருக்காங்க. வார்டன் சுவருக்கு வெளிய நின்னு கேட்டு உருகிட்டாரு. மொகம் தெரியல. பேர மட்டும் சொல்லுங்க, போதும்.

— சொன்னா அவனுக்கு என்ன கெடைக்கும்?

— உங்க ஊழியம் அப்படியே அவர் கைக்கு வந்துரும். எவ்ளோ பெரிய ஆசீர்வாதம்.

— அவனும் பரோல் கேட்டிருந்தா?

— ஊழியம் நிக்கக் கூடாதில்ல, பிரதர்.

— அப்ப அவனும் உள்ளயேதான்.

— மார்செலா இருக்குமோ? உங்க கூடவே சுத்துறாரு. அடுத்த வாரம் அவரும் போர்டு முன்னாடி வர்றாரு.

— மார்செலா? வீட்டுல இருக்குற தன் ரெண்டு பொம்பளப் புள்ளைங்க பேரச் சொல்லிப் பொலம்பத்தான் தெரியும் அவனுக்கு. நாலு வார்த்த கோர்வையா வராது.

— அப்ப யாருதான் பேசினது?

— நான்தான்.

— நீங்களா? நீங்கதான் காய்ச்சல்ல கெடந்தீங்களே?

— காய்ச்சலோட எந்திரிச்சு வந்து பேசினேன், பாஸ்டர். அந்த அளவுக்குத் திருந்திட்டேன்னு போர்டுல சொல்லிருங்க.