பெட்டி மாற்ற வந்தவரை வீட்டில் வைத்துப் பூட்டியது தொடர்பாக

என் பெயரையும் கதவு எண்ணையும் அடையாள அட்டையைப் பார்த்து ஸ்டேஷன் எழுத்தர் குறித்துக்கொண்டார். வயது நாற்பத்தொன்பது. தொழில், பள்ளிச் சீருடை தைப்பது. முன்னறை, படுக்கையறை, சமையலறை, அதற்குப் பின்னால் ஒரு தையல் அறை என்று இருக்கும் கீழ்த்தள வாடகை வீட்டில் நானும் என் கணவரும் மட்டும் குடியிருக்கிறோம். டிவியின் கேபிள் பெட்டியை மாற்ற வந்த கேபிள்காரரை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போனதாக அவர் கொடுத்த புகாரை எனக்குப் படித்துக் காட்டினார்கள். பூட்டியது நான்தான். அதில் மறைக்க ஒன்றுமில்லை. எதற்காகப் பூட்டினேன் என்பது அந்தப் புகாரில் ஒரு வரிகூட இல்லை, அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

என் கணவர் பஸ் கண்டக்டராக இருந்தவர். நான்கு வருடங்களுக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. எழுதிக் காட்டச் சொன்னால் எழுத்தும் வராது. எண்கள் மட்டும் எப்படியோ தங்கின. நாள் முழுக்க டிக்கெட்டும் சில்லறையுமாகக் கிடந்த மனிதர் என்பதாலோ என்னவோ. இடது கை நன்றாக இருந்தது. சக்கர நாற்காலியில் முன்னறையில் டிவிக்கு எதிரே இருப்பார், நான் பின்னால் மிஷினில் இருப்பேன்.

ஒருநாள் அவர் கடலும் மீனும் காட்டுகிற சேனலையே திரும்பத் திரும்ப வைத்துக்கொண்டிருந்தார். மாற்றிக் கொடுத்தால் மறுபடியும் அதையே வைத்தார். மூன்றாவது முறைதான் என் மரமண்டைக்கு உறைத்தது, அவருக்குத் தண்ணீர் வேண்டும். அதன் பிறகு இருவருமாக ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டோம். சமையல் நிகழ்ச்சி வைத்தால் பசி. கார்ட்டூன் வைத்தால் பாத்ரூம். நாலு பேர் ஒரே நேரத்தில் கத்துகிற விவாதம் வைத்தால் தலைவலி. என் நாத்தனார் வந்து உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் விவாதம் வந்துவிடும், அந்த அம்மாள் தம்பிக்கு நாட்டு நடப்பில் எவ்வளவு அக்கறை என்று பெருமைப்படுவாள். பழைய பாட்டு வைத்தால் ஒன்றும் வேண்டாம், கொஞ்ச நேரம் வந்து பக்கத்தில் இரு என்று அர்த்தம். விளையாட்டுச் சேனல் வைத்துக் கூட்டத்தின் இரைச்சல் கேட்டால் போட்டது போட்டபடி ஓடி வர வேண்டும். எல்லாச் சேனலின் எண்ணும் அவருக்கு மனப்பாடம், ரிமோட்டைப் பார்க்காமலே அழுத்துவார். மிஷின் ஓடும்போதும் சத்தத்தை வைத்தே எனக்குப் புரிந்துவிடும்.

இந்த இடத்தில் எழுத்தர் பேனாவை மூடிவிட்டு, டிவி கதையெல்லாம் வழக்குக்கு வேண்டாம் என்றார். இதுதான் வழக்கு என்று நான் சொன்னேன். அதன் பிறகு எழுதிக்கொண்டார்.

சம்பவத்தன்று காலை, தைத்து முடித்த சீருடைகளைக் கடையில் போட்டுவிட்டு அடுத்த துணியை வாங்கி வரப் போனேன். நான் வெளியே போகும்போதெல்லாம் மாடி வீட்டு நர்ஸம்மா இறங்கி வந்து எட்டிப் பார்ப்பதற்காக முன்கதவைத் தாழ் போடாமல் விடுவது வழக்கம். கேபிள் கம்பெனி வரப்போவதாக யாரும் எனக்குச் சொல்லவில்லை. பெட்டியை மாற்றச் சொல்லி நான் கேட்கவும் இல்லை. போனில் செய்தி அனுப்பினோம் என்று இப்போது சொல்கிறார்கள். கடன் வேண்டுமா, மனை வேண்டுமா என்று வருகிற குப்பையோடு குப்பையாக அதுவும் வந்திருக்கும்.

துணி மூட்டை கனமாக இருந்ததால் நான் பின்வாசல் வழியாக நேராகத் தையல் அறைக்குள் வந்துவிட்டேன். டிவி ஓடும் சத்தம் கேட்டது. அவர் நன்றாக இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, பாதியில் விட்டிருந்த காலரைத் தைக்க உட்கார்ந்தேன். அதன் பிறகு சேனல்கள் ஒன்றன் பின் ஒன்றாக மாறிக்கொண்டே வந்தன. செய்தி, விளம்பரம், சமையல், யாரோ அழுகிற தொடர், மறுபடி விளம்பரம். எதிலும் நிற்கவில்லை. பொழுது போகாமல் அழுத்திக்கொண்டிருக்கிறார் என்று எண்ணி, "ஏங்க, ஏதாவது ஒண்ணுல நில்லுங்களேன், தலை வலிக்குது" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினேன். உடனே நின்றுவிட்டது. நகை விற்கிற விளம்பரத்தில் நின்றது. காலரை முடித்து, நூலைக் கத்தரித்து, அதன் பிறகுதான் எழுந்து போனேன்.

அவர் தரையில் கிடந்தார். நாற்காலி ஒருபக்கம் சாய்ந்திருந்தது, இடது கை உடம்புக்கு அடியில் மடங்கியிருந்தது. அந்தக் கை விரல்களுக்குள் நான் இதுவரை பார்த்திராத ஒரு ரிமோட் இருந்தது. அதில் எண்களே இல்லை. மேலே கீழே போக இரண்டு அம்புக்குறியும், பேசுவதற்கு ஒரு ஓட்டையும்தான் இருந்தன. டிவிக்கு அடியில் புதுப்பெட்டி ஒன்று நீல விளக்கு எரிய உட்கார்ந்திருந்தது. எங்கள் பழைய பெட்டியும் ரிமோட்டும் அலமாரியின் ஓரத்தில், அவர் கைக்கு ஒரு சாண் எட்டாமல் இருந்தன. அதை எடுக்க எக்கித்தான் விழுந்திருக்கிறார். விழுந்த பிறகு அந்த அம்புக்குறியை வைத்துக்கொண்டு விளையாட்டுச் சேனலைத் தேடியிருக்கிறார். நான் நிறுத்தச் சொன்னதும் நிறுத்திவிட்டார். 

அதன் பிறகு மாடிக்கு ஓடி நர்ஸம்மாவைக் கூட்டி வந்தேன். இருவருமாக அவரைக் கட்டிலில் கிடத்தினோம். மணிக்கட்டு வீங்கியிருப்பதைப் பார்த்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது நர்ஸம்மாதான். அவர் தெருமுனைக்குப் போய் ஆம்புலன்ஸுக்கு வழி காட்ட நின்ற நேரத்தில், மேற்படி கேபிள்காரர் கையில் வயர் சுருளோடு முன்வாசல் வழியாக உள்ளே வந்தார். கம்பத்தில் லைனைச் சரி பார்த்துவிட்டு வருவதாகவும், பழைய பெட்டியை ஆபீசில் ஒப்படைக்க வேண்டும் என்பதால் அதை எடுக்க வந்ததாகவும் சொன்னார். சொல்லிவிட்டு, சேவை பிடித்திருந்தால் ஐந்து ஸ்டார் போடும்படி போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

யாரைக் கேட்டு மாற்றினாய் என்று கேட்டேன். சாரைக் கேட்டுத்தான் மாற்றினேன் என்றார். அவர் என்ன சொன்னார் என்று கேட்டேன். அதற்குக் கேபிள்காரர் சொன்னதைச் சொன்னபடியே எழுதிக்கொள்ளவும்: "வாயால சொன்னா போதும் சார், அதுவே சேனலைப் போடும், சும்மா ஏதாவது சொல்லுங்கன்னு ரிமோட்டை வாய்கிட்ட பிடிச்சேன் அக்கா. சார் வாயே திறக்கல. ஏதோ கோவம்போலன்னு விட்டுட்டேன்."

என் கணவர் தலையை ஆட்டவில்லையா, கையால் தள்ளவில்லையா என்று கேட்டேன். ஆட்டினார், தள்ளவும் தள்ளினார் என்றார். வயதானவர்கள் புதுச் சாமான் என்றால் முதலில் அப்படித்தான் செய்வார்கள், போகப் போகப் பழகிவிடும் என்றும் சொன்னார். ஒரு நாளைக்கு இத்தனை வீடு என்று கம்பெனி கணக்கு வைத்திருக்கிறது, வேண்டாம் என்பவர்களிடம் நின்று பேச நேரமில்லை என்றும் அவர் வாயாலேயே சொன்னார்.

பழைய பெட்டியைத் திரும்ப மாட்டச் சொன்னேன். மாட்டினார். திரை கறுப்பாகவே இருந்தது. பழைய சிக்னலை ஊருக்கே நிறுத்திவிட்டார்கள், இனிமேல் யார் வந்தாலும் அது ஓடாது என்றார். கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒரு கம்ப்யூட்டர் குரல் என் குறையைச் சுருக்கமாகச் சொல்லச் சொன்னது, சொன்னேன், புரியவில்லை என்று மறுபடியும் சொல்லச் சொன்னது. நான்காம் முறை வைத்துவிட்டேன். அதற்குள் ஆம்புலன்ஸ் வந்துவிட்டது.

என் கணவரை ஏற்றிய பிறகு நான் திரும்ப வந்து பின்கதவையும் முன்கதவையும் பூட்டினேன். கேபிள்காரர் அப்போது டிவிக்குப் பின்னால் குனிந்து வயரைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாக, "என்னக்கா இது, எனக்கு இன்னும் பத்து வீடு இருக்கு" என்றார். "வேணும்கிறத ரிமோட்டுகிட்ட வாயால சொல்லு தம்பி, கொடுக்கும்" என்று சொல்லிவிட்டு ஆம்புலன்ஸில் ஏறினேன். வீட்டில் குடிக்கத் தண்ணீர் இருந்தது, ஃபேன் ஓடியது, அவரிடம் போனும் இருந்தது. அவர் மேல் என் விரல்கூடப் படவில்லை. கத்தரிக்கோலைக் காட்டி மிரட்டியதாகப் புகாரில் இருப்பது கடைந்தெடுத்த பொய். கத்தரிக்கோல் என் கழுத்தில் எப்போதும் தொங்குவது. சாயங்காலம் காவலர் ஆஸ்பத்திரிக்கு வந்து கேட்டதும் சாவியைக் கொடுத்துவிட்டேன்.

எக்ஸ்ரேயில் மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்திருப்பதாகச் சொன்னார்கள். அவருக்கு இருந்த ஒரே கை அது. முழங்கை வரை மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். நேற்று அவர் எதற்கோ முனகினார். தண்ணீரா, வலியா, பாத்ரூமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அதன் பிறகு நான் எது கேட்டாலும் திரும்பவில்லை.

கம்பெனி மேலாளர் இன்று காலை ஸ்டேஷனுக்கு வந்து சமாதானம் பேசினார். நான் மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் புகாரைத் திரும்பப் பெறுவதாகவும், எங்கள் வீட்டுக்கு எல்லா விளையாட்டுச் சேனலையும் மூன்று மாதம் இலவசமாகத் தருவதாகவும் சொன்னார். ஆய்வாளர் அய்யா குறுக்கே வந்து பிடித்திருக்காவிட்டால் இன்னொரு புகாரும் என் மேல் வந்திருக்கும்.

பதற்றத்தில் மறந்துபோய்ப் பூட்டிவிட்டேன் என்று எழுதினால் எனக்கு நல்லது என்று எழுத்தர் சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் நான் மறக்கவில்லை. தெரிந்துதான் பூட்டினேன், ஆஸ்பத்திரியில் இருந்த நேரம் முழுக்கச் சாவி என் கையில்தான் இருந்தது. அதற்கு என்ன தண்டனையோ கொடுங்கள். கேட்காமல் ஒரு வீட்டுக்குள் புகுந்து, வேண்டாம் என்று தள்ளிய கையை விலக்கிவிட்டு வேலை பார்த்தவருக்கும் அவரை அனுப்பியவர்களுக்கும் எந்தப் பிரிவு என்பதையும் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எழுதியது முழுவதையும் எனக்குப் படித்துக் காட்டினார்கள். என் கணவரைப் பற்றிய இடத்தில் 'வாய் பேச இயலாதவர், ஆகவே விசாரிக்கப்படவில்லை' என்று எழுதியிருந்தது. அதை அடித்துவிட்டு, சம்பவத்தன்று காலை வரை பேசிக்கொண்டிருந்தார் என்று எழுதச் சொன்னேன். எழுத்தர் ஆய்வாளரைத் திரும்பிப் பார்த்தார். ஆய்வாளர் எழுதச் சொன்னார். எழுதிய பிறகு, இவை யாவும் நான் சொன்னவை, நடந்தவை என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.