ஐந்து வரிக் கைராசி

நான் எழுதிய நிரலில் இதுவரை ஒருவரும் குறை கண்டதில்லை ஐயா. தொல்லையே அங்கேதான் ஆரம்பித்தது.

எங்கள் ஆய்வகத்தில் பம்புக்கு ஒரு பாஷை, தராசுக்கு ஒரு பாஷை, உலைக்கு ஒரு பாஷை. எது மக்கர் செய்தாலும், "அண்ணா, கொஞ்சம் வாங்களேன்" என்று என்னைத்தான் கூப்பிடுவார்கள். போவேன், சரிசெய்வேன், நாலு வார்த்தை பேசுவார்கள். இயக்குநர் கேட்டாரென்று, எல்லாக் கருவிகளுக்கும் மேலே உறை போட்டதுபோல், பைத்தான் என்ற கணினி மொழியில் 'கிளாஸ்' என்று சொல்லும் ஒரு நிரல்தொகுப்பு எழுதிக் கொடுத்தேன். 'ஆரம்பி' என்று ஒரு வரி அடித்தால் போதும், எந்தக் கருவியும் கைகட்டி நிற்கும். அன்றோடு என்னைக் கூப்பிட ஆளில்லை.

இரண்டு மாதம் பொறுத்தேன். பிறகு அந்தக் கிளாசுக்குள் ஐந்து வரி சேர்த்தேன். தங்கச்சியின் பெயரில் யாராவது கணினிக்குள் நுழைந்தால் கருவி பாதியில் நிற்கும். நான் வந்து ஒரு விசையைத் தட்டினால் ஓடும். தங்கச்சி என்று நான் கூப்பிட்டது அந்த ஆராய்ச்சி மாணவியைத்தான். எல்லாரிலும் அவள் நன்றாகப் பேசுவாள். வேறு காரணமில்லை.

"நீங்க பக்கத்துல வந்தாலே ஓடுதே அண்ணா, என்ன மந்திரம் போடுறீங்க?"

"மந்திரமெல்லாம் இல்லம்மா. கைராசி."

விளையாட்டாகத்தான் சொன்னேன். அந்த வார்த்தைக்குக் கால் முளைத்து, எனக்குக் கைராசி என்றால் அவளுக்கு ராசியில்லாத கை என்றாகிவிட்டது. "என் உலைப் பக்கம் மட்டும் வந்துடாதே தாயே" என்று கூடப் படிப்பவர்கள் அவளுக்குக் கும்பிடு போட்டார்கள். அவளும் சிரித்தாள், முதல் வருடம்.

கெட்டிக்காரி. அணைத்து மறுபடி போட்டால் ஓடுகிறதென்று கண்டுபிடித்துவிட்டாள். என்னைக் கூப்பிடுவது குறைந்தது. அதனால் நிற்கும் நேரத்தை மாற்றினேன். ஒன்பது மணி நேரச் சூடேற்றலில் எட்டாவது மணி. அப்போது நின்றால் உலைக்குள் வைத்த சோதனை மாதிரியே பாழ். யாராலும் ஒன்றும் செய்ய முடியாது, ஆறுதல்தான் சொல்லலாம். நான் சொன்னேன். நாற்பத்தொரு முறை.

மூன்றாம் வருடக் கடைசியில் பேராசிரியர், "இன்னொரு தடவை பாழாச்சுன்னா உன் பிஎச்.டி. பதிவை ரத்து பண்ணிடுவேன்" என்றார். தங்கச்சி நேரே என்னிடம் வந்தாள்.

"என் கை வேண்டாம். உங்க கையால ஆரம்பிச்சு வைங்கண்ணா."

அவள் பெயரில் உள்ளே போய், என் விரலால் தட்டினேன். ஐந்து வரியையும் அப்போதே அழித்திருக்கலாம். ஆனால் ஓடியிருந்தால் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவாளே.

எட்டாவது மணியில் நின்றது.

மறுநாள் பெட்டியோடு வந்து, "என்னைத் திட்டாத ஒரே ஆள் நீங்கதான்" என்று அழுதாள். உண்மைதான் ஐயா. ஒரு சுடுசொல் சொன்னதில்லை.

எல்லாம் நான் செய்ததுதான். இந்த வாக்குமூலத்தில் எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒன்று சொல்ல வேண்டும். மூன்று மணி நேரமாகக் குறுக்கே பேசாமல் கேட்கிறீர்கள். இப்படிக் கேட்பவர் கிடைப்பது அபூர்வம்.

உங்கள் அலுவலகக் கணினியில் என்ன பெயரில் உள்ளே போவீர்கள்?