இன்னைக்கு வகுப்பு இல்ல

ஹலோ... ஆமா மாமா, பிராங்ளின்தான்... கேக்குது, கேக்குது... முனிர்கா ரூம்லதான் இருக்கேன்... சாப்பிட்டேன் மாமா... ஆமா, ஆமா.

மறுபடியும் நின்னு போச்சா?... பதறாதிய மாமா. சோர்ஸ் கோடுல இருந்து கம்ப்யூட்டருக்கு ஆப்பரேட்டிங் சிஸ்டம் கட்டுத எல்லாருக்கும் இது நடக்கும்... நானா சொன்னேன்? ரிட்டயர் ஆயி பொழுது போகல, ஊராளுகளுக்கு ஆன்லைன்ல சொல்லிக்குடுக்கத எனக்கும் சொல்லிக்குடும்னு நீங்கதான கேட்டிய!... கோவமா? எனக்கென்ன கோவம்.

மாமா, ஒரு நிமிஷம்... வினோலியா பக்கத்துல இருக்காளா?... இல்ல, சும்மாதான்... சர்ச்சுக்கா?... அச்சா... அச்சா.

ஒரே டெல்லிக்குள்ள இருந்துக்கிட்டு அவ என் ஃபோன எடுக்கவே மாட்டேங்கா மாமா. ஈஸ்டருக்கு மறுநாள் பெட்டியத் தூக்கிட்டு துவாரகாவுக்கு, உங்க வீட்டுக்கு வந்தவ. உங்க மககிட்ட ஒரு வார்த்த... ஆமா... ஆமா, கம்பைலர். கோட மெஷின் பாஷைக்கு மாத்துத அதத்தான் பாக்கணும். சொல்லுதேன்.

நடுவுல கமாண்டு தட்டுத ஜன்னல மூடிட்டு வேற தொறந்தியளா?... அதான்! புதுசா தொறந்தா, எந்த இடத்துல கட்டுதோம்னு அதுக்கு மறுபடியும் சொல்லணும். இல்லன்னா பழைய சிஸ்டம் மேலயே போய் எழுதிரும்... இல்ல இல்ல, இன்னும் ஒண்ணும் ஆகல. தட்டுங்க. எக்ஸ்போர்ட்... ஒரு எடம் விடுங்க... ம்... அடுத்து...

என்னது?... தட்டியாச்சா?... சரியா ஏறிருக்கான்னு செக் பண்ணியும் பாத்தாச்சா?

மாமா, நான் அத இன்னும் சொல்லவே இல்லியே.

...

ஒரு எழுத்து தேட கண்ணாடிய மாட்டிக் கழத்துத ஆளு நீங்க. உங்களுக்கு யாரு... மாமா, ஸ்பீக்கர்லயா போட்டிருக்கிய?

வினோ?... வினோ, நீயா தட்டுன?... வச்சிராத. தயவுசெஞ்சு வச்சிராத. மாமா, ஃபோன அவ கையில குடுங்க...

வினோ... எப்படி இருக்க?... ம்... ம்... நான் இருக்கேன். இருக்கேன்னு சொல்லலாம், அவ்வளவுதான். நீ இல்லாம இந்த ரூம்ல மூச்சு விட முடியல வினோ... இல்ல, கத விடல.

என்ன?... வகுப்புல யாரு யாரு எதுல நிக்காங்களா? சுரேஷ்குமார் சி லைப்ரரியில நிக்காரு. தமிழ்செல்விக்கு கடைசிப் படி, கெர்னல் வர வந்தாச்சு, ஒலி மட்டும் வரல. கிருஷ்ணபிரசாத் சார் இன்னும் மொதப் படி பார்ட்டிஷன்லயே... ஆமா, எல்லாம் மனப்பாடம்தான். எதுக்குக் கேக்க?

...

நீயா?... நீ எதுல நிக்கன்னா... ஆஸ்பத்திரியில... ஜெனரல் வார்டு நர்ஸுதான?... மாத்திட்டாங்களா? எப்போ?... ஐசியூவுக்கா? சின்னப் பிள்ளைங்க ஐசியூவா!... முதல் வாரத்துலயே ஒரு பிள்ள உன் கையிலயே... ஐயோ, வினோ... நீ என்கிட்ட சொல்லவே... சொன்னியா?... நான் ஹெட்ஃபோன்ல பேசிக்கிட்டே ‘ம்’னு தலையாட்டுனேனா?

...

ஆமா... ஆமா... இல்ல, நீ சொல்லுதது சரிதான்... அழாத வினோ. நான் இப்பவே வாரேன். மெட்ரோ பிடிச்சு... வாரேங்கேன்ல! வந்து பக்கத்துல உக்காருதேன், நீ மொதல்ல இருந்து எல்லாத்தையும்...

அது... அது லேப்டாப்பு. சனிக்கிழம வகுப்புல்லா, அவங்கதான் கூப்பிடுதாங்க... எடுக்க மாட்டேன். அடிக்கட்டும்... எடுக்க மாட்டேன்னு சொல்லுதேன்ல... என்ன?... எடுக்கணுமா? காத்திருப்பாங்களா?... வினோ, அப்படிச் சொல்லாத. வினோ...

ஹலோ?... ஹலோ?... மாமா?

...

ஹலோ... ஆமா சுரேஷ், கேக்குது... இல்லங்க, இன்னைக்கு வகுப்பு இல்ல. வீட்டுல ஒரு விஷயம், நான் உடனே துவாரகா போகணும். எல்லார்கிட்டயும் சொல்லிருங்க... சுரேஷ், சுரேஷ், நான் சொல்லுதத கேளுங்க, செருப்பு மாட்டிட்டேன்...

என்னது?... ஆன் பண்ணினா ஸ்கிரீன் கறுப்பா நிக்குதா?... ஆபீஸ் லேப்டாப்புலயா செஞ்சிய?... திங்கட்கிழம அதுலதான் மேனேஜருக்கு... அடக் கடவுளே... அழாதீங்க சுரேஷ்... இல்ல, வேல ஒண்ணும் போகாது... ஆமா... ஆமா...

சரி. அணைச்சு ஒரு தடவ போடுங்க... என்ன வருதோ, அப்படியே எனக்கு மெதுவா வாசிங்க.