இரண்டாவது கட்டளையும் கற்பூரமும்

என் பெயர் உஷாராணி த/பெ சின்னையா. வயது 47. பண்டமாரானில் குடியிருக்கிறேன். துறைமுகக் கண்டெய்னர் கம்பெனி ஒன்றில் பத்தொன்பது வருடமாக மெயின்ஃபிரேம் கணினியை இயக்கி வருகிறேன். என் சூப்பர்வைசர் சுகுமாறன் அண்ணன் வேண்டுமென்றே கணினி அறையில் தீ வைத்ததாகக் கம்பெனி போலீசில் கொடுத்த புகார் தொடர்பாக இதைச் சொல்கிறேன்.

சம்பவத்தன்று சனிக்கிழமை. பராமரிப்புக்காக நிறுத்தியிருந்த கணினியைக் காலை எட்டு மணிக்கு மறுபடி ஏற்றினோம். அதன்பின், செய்திகளை வரிசையில் வைத்து அனுப்பும் மென்பொருளைத் தொடங்குவது என் வேலை. அது ஓடினால்தான் எந்த லோரி எந்தக் கண்டெய்னரை எடுக்கலாம் என்ற செய்தி வாசல் கேட்டுக்குப் போகும். கட்டளையை அடித்தேன். தொடங்கிவிட்டதாகத் திரையில் வந்தது. அதன்பின் மைலோ குடிக்கப் போனேன்.

ஒன்பது மணிக்குக் கேட்டில் நாற்பது லோரிகள் நின்றன. ஒரு செய்தியும் போயிருக்கவில்லை. அதன்பின் அண்ணன் ஓடிவந்தார். முந்திய நாள்தான் புது மேனேஜர் கணினியைத் தட்டிக்கொடுத்து, இது மக்கர் பண்ணியதே இல்லையா என்று வியந்திருந்தார்.

"கண்ணு பட்டுருச்சி லா உஷா, வேற ஒன்னுமில்ல," என்றார் அண்ணன்.

அதன்பின் பாசாருக்குப் போய் எலுமிச்சம்பழமும் கற்பூரமும் வாங்கிவந்தார். அந்த அறைக்குள் தீப்பெட்டி கூடாது என்று கதவில் எழுதி ஒட்டியவரும் அவர்தான்.

கற்பூரத்தை ஏற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. முதல் கட்டளை மென்பொருளை எழுப்பும், அவ்வளவுதான். செய்தி வெளியே போக வழி திறப்பது இரண்டாவது கட்டளை. அதை நான் அடிக்கவே இல்லை. வெட்கமாகிவிட்டது. அவர் கண் திறப்பதற்குள் அடித்துவிட்டேன். தேங்கியிருந்த செய்தியெல்லாம் மளமளவென்று போனது.

"பாத்தியா?" என்றார்.

அதன்பின் புகைமணி அடித்தது. தீயை அணைக்கும் வாயு பீறிட்டது, நாங்கள் வெளியே ஓடினோம், கணினி தானாக நின்றுபோனது. அதன்பின் தீயணைக்கும் பொம்பா வண்டி வந்தது. லோரிகள் மாலைவரை நின்றன. திங்கட்கிழமை அண்ணனை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள்.

அவர் கற்பூரம் ஏற்றியது உண்மை. ஏற்ற வைத்தது என் மறதி. அவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. வேலை போவதென்றால் என்னுடையது போகட்டும்.

நான் மறந்ததை அவரிடம் மெதுவாகச் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன். கற்பூரம்தான் செய்திகளைப் போகவைத்தது என்று நம்பி அவர் நூற்றெட்டுத் தேங்காய் உடைப்பதாக நேர்ந்திருக்கிறார். தேங்காய் நேற்றே அவர் வீட்டில் வந்து இறங்கிவிட்டது.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. இதில் பொய் ஏதும் இல்லை.

(ஒப்பம்) உஷாராணி