லட்சம் வருசத்து வெளிச்சம்

வளைகுடாவில், ரூவி நகரத்தில், ஊருக்கு போன் பேசுவதற்கான வரிசை. எனக்கு முன்னால், அண்ணனைக் ‘காக்கா’ என்றழைக்கும் கடற்கரை ஊர்க்காரர்கள் இரண்டு பேர். இளையவனுக்கு ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை.

“காக்கா, ஏதோ ஒரு நட்சத்திரம் வெடிச்சு லட்சம் வருசத்துக்கு மேல ஆச்சாம். வெளிச்சம் இப்பத்தான் வந்து சேர்ந்திருக்குன்னு பேப்பர்ல போட்டிருக்கான்.”

“அதுக்கா டியூட்டிக்குப் போகாம வந்து நிக்கிறே? நேத்துத்தானே உம் பொண்டாட்டி பேசி அனுப்புன கேசட்டு வந்துச்சு. சிரிச்சுக்கிட்டுத்தானே பேசுது?”

“அது போன மாசம் சிரிச்ச சிரிப்பு, காக்கா. நிறைமாசக்காரி. இன்னைக்கு எப்படி இருக்காளோ?”

வரிசை இரண்டு அடி நகர்ந்தது. மூத்தவர் சட்டைப் பையைத் துழாவினார்.

“சீக்கிரம் பேசிட்டு வா. ஊர்ல எங்க பக்கத்து வீட்டு போன் நம்பரு எங்கிட்டயும் இருக்கு.”