மூணாவது சீட்டு

செஞ்சி பஸ் ஸ்டாண்டில் அவலூர்பேட்டை பஸ்ஸுக்கு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் இருந்தார்கள். அவளுக்கு ஏழு மாதம் இருக்கும். ஒரு பஸ் ஹாரன் அடித்து முடிக்கிறவரை இரண்டு பேரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். கையை எடுத்ததும் அவள் கேட்டாள்.

"மாமா, நம்ம ரெண்டு பேருக்கும் ஆட்டிசம் இருக்குது. புள்ளைக்கு இல்லாம போயிட்டா இன்னா பண்றது?"

"இருக்கலாம், இல்லாமயும் போவலாம்னு டாக்டரு சொன்னாரே."

"அதான் பயமா இருக்குது. இருந்தா எனக்குப் புரியும். அழுதா லைட்ட நிறுத்திட்டு சும்மா பக்கத்துல உக்காந்திருப்பேன். இல்லன்னா? கல்யாணத்துக்குப் போவணும், மேளம் கேக்கணும்னு அழுவுமே?"

"நான் இட்டுனு போறேன். இருபது நிமிசம் தாங்குவேன்."

"வீட்டுக்கு யாராவது வந்தா பேசிக்கினே இருக்குமே?"

"இருக்கட்டும். நாம உள்ள போயிடலாம்."

அவள் சிரித்துவிட்டாள்.

அவலூர்பேட்டை பஸ் வந்தது. பின்னால் நிறைய சீட் காலி. அவன் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினான்.

"நாம எப்பவும் உக்கார்ற மூணாவது ஜன்னல் சீட்டுல ஆள் இருக்குது. அடுத்த பஸ்ஸுல போவலாம்."

"இதுலயேதான் போவணும்னு புள்ள அடம் புடிச்சா?"

அவன் திரும்பி அந்த மூணாவது ஜன்னலைப் பார்த்தான். கண்டக்டர் விசில் ஊதினார்.

"ஏறிடுவேன்," என்றான். "இன்னும் பொறக்கல இல்ல. உக்காரு."

நான் ஓடிப்போய் ஏறினேன்.