மெத்தைக்கடை வாசல்

உங்கள் காவல் நிலையத்து வாசலில், நடைபாதையின்மேல் ஒரு ஜீப் நிற்கிறது. வந்ததும் வராததுமாக அதைச் சொல்லக் கூடாது என்றுதான் பார்த்தேன் ஐயா. ஆனால் நான் உள்ளே வரும்போது ஒரு பெண் கைக்குழந்தையோடு அதைச் சுற்றிக்கொண்டு சாலையில் இறங்கிப் போனாள். அதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடிவதில்லை.

நான் வடிகால் மேஸ்திரி. சாலையோரத்தில் மழைத்தண்ணீர் ஓடுகிற கால்வாய் இருக்கிறதே, அதன்மேல் கான்கிரீட் சிலாப் போட்டு மூடுவது எங்கள் வேலை. நீங்கள் நடைபாதை என்று நினைத்து நடப்பது பாதி இடங்களில் எங்கள் சிலாப்பின்மேல்தான். அடியில் ஓர் ஆள் உயரத்துக்குப் பள்ளம் இருப்பது யாருக்கும் நினைவில் இருக்காது. அப்படி மறந்துபோய் நடக்கிறார்களே, அதுதான் எங்கள் வேலைக்குக் கிடைக்கிற பாராட்டு.

நீங்கள் கூப்பிடாமலே நான் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. நேற்று எங்கள் பொறியாளர் என் கொத்தனாரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். நல்ல உயரம், எலும்பும் தோலுமாக இருப்பான். ஒட்டடைக்குச்சி என்று கூப்பிடுவோம். மெத்தைக்கடை வாசலில் அவன் கவனக்குறைவாகச் சிலாப் போட்டதால்தான் அது உடைந்தது என்று அறிக்கை எழுதியிருக்கிறார். கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் கையின்கீழ் யாரும் கவனக்குறைவாக வேலை செய்ததில்லை. அந்தச் சிலாப் மிகுந்த கவனத்தோடு போடப்பட்டது. போட்டவன் நான்.

முதலிலிருந்து சொல்கிறேன். எங்கள் வீடும் மெத்தைக்கடையும் ஒரே தெருவில், ஒரே வரிசையில் இருக்கின்றன. தெருக்கோடியில் என் மனைவியின் அக்கா வீடு. சாயங்காலமானால் இவள் அங்கே கிளம்பிவிடுவாள். அக்காவும் தங்கையும் சேர்ந்தால் என்ன பேசுவார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. முந்தின நாள் விட்ட இடத்திலிருந்து பிடிப்பார்கள். திரும்பி வரும்போது அவள் முகம் கழுவிவிட்டாற்போல் இருக்கும்.

நடுவில் மெத்தைக்கடை வந்தது. கடைக்காரர், மரியாதையாகவே சொல்கிறேன், காலையில் வந்ததும் தன் பெரிய காரை நடைபாதைமேல் ஏற்றுவார். சுவருக்கும் காருக்கும் நடுவே ஒரு பூனை போகலாம், அதுவும் மெலிந்த பூனை. கேட்டால், "அஞ்சு நிமிஷம்தான் அண்ணே, இதோ எடுத்துடறேன்" என்பார். அந்த ஐந்து நிமிடம் ஷட்டர் ஏறும்போது தொடங்கும், ஷட்டர் இறங்கும்போது முடியும். கடைக்கு விடுமுறை என்பதே கிடையாது.

நடக்கிறவர்கள் எல்லோரும் சாலையில் இறங்கினார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இறங்கினார்கள். கோல் ஊன்றி வருகிற ஓய்வுபெற்ற தபால்காரர், பின்னால் வருகிற பேருந்தைப் பார்த்துப் பார்த்து, காருக்கு ஒட்டினாற்போல் நகர்வார். கார் எவனுடையதோ, பயம் அவருக்கு. இந்த ஊரில் நடக்கிறவன் என்றால் இளிச்சவாயன். சக்கரம் வைத்திருப்பவனுக்கு வீடும் உண்டு, சாலையும் உண்டு, நடைபாதையும் உண்டு. ஒருத்தராவது வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டார்களா என்றால் இல்லை. அந்தக் கோபமும் எனக்கு உண்டு.

நான் கேட்டேன். பலமுறை கேட்டேன். மனுப் போட்டேன். அலுவலகத்தில், "இங்க வண்டி விடக் கூடாதுன்னு போர்டு இருக்கா?" என்றார்கள். அலைந்து திரிந்து ஒரு போர்டு வைக்க வைத்தேன். அதில் அவர் கடைப் பையன்கள் ஹெல்மெட் மாட்டினார்கள். ஒரு நாள் ஒரு சட்டி கலவையைக் கார்க் கண்ணாடிமேல் கொட்டினேன். கை தவறிவிட்டது என்று சொன்னேன். என் கை தவறுவதில்லை.

பிறகு அது நடந்தது. ஒரு சாயங்காலம் என் மனைவி அந்தக் காரைச் சுற்றிப் போகச் சாலையில் இறங்கினாள். பின்னால் வந்த பைக்கின் கைப்பிடி அவள் பையில் மாட்டி இழுத்துப் போட்டது. இடுப்பெலும்பு முறிந்தது. பைக் ஓட்டியவன்மேல் வழக்குப் போட்டீர்கள். கார்க்காரரை ஏன் கேட்கவில்லை என்றதற்கு, இதே நிலையத்தில், "நின்னுட்டிருந்த வண்டி என்னய்யா பண்ணும்?" என்று சிரித்தார்கள். மெத்தைக்கடைக்காரர் ஆஸ்பத்திரிக்குப் பழங்களோடு வந்தார். நல்ல மனிதர் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நோயாளிகளைத் தள்ளி வருகிற சரிவுப் பாதையை மறித்துக் காரை நிறுத்தியிருந்தார். அந்த நிமிடத்தில்தான் இவருக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது என்று முடிவு செய்தேன்.

அவளுக்கு வாக்கர் கொடுத்தார்கள். வீட்டுக்குள் அறைக்கு அறை தள்ளிக்கொண்டு நடப்பாள். வாசலோடு சரி. அக்காவுக்கும் முழங்கால் வலி, வர முடியாது. இரண்டு பேரும் போனில் பேசிக்கொண்டார்கள். போனில் அவள் அதிகம் சிரிப்பதில்லை. அதைக் கேட்டுக்கொண்டு சாப்பிட உட்காருவேன், சோறு இறங்காது.

அந்தக் கால்வாயைத் தூர்வாரும் முறை வந்தது. சிலாப்புகளைத் தூக்க வேண்டும் என்பதால் மெத்தைக்கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே அரைநாள் காரை எடுத்தார். இதை நீங்கள் சரியாக எழுதிக்கொள்ள வேண்டும். சிலாப்புக்குள் கம்பி நடுவில் இருக்காது, அடிப்பக்கமாக இருக்கும். பாரம் ஏறினால் அடிப்பக்கம்தான் பிளக்கப் பார்க்கும், அதைக் கம்பி இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கவிழ்த்துப் போட்டால் கம்பி மேலே போய்விடும், கீழே வெறும் கான்கிரீட். காய்ந்த பிறகு இரண்டு முகமும் ஒன்றுபோலத்தான் தெரியும். அதனால் ஈரமாக இருக்கும்போதே மேல்முகத்தின் மூலையில் கரண்டியால் ஒரு கோடு இழுத்துவிடுவோம். கோடு வானத்தைப் பார்க்க வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது இதில் தப்புச் செய்து என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள்.

ஆட்களைச் சாப்பிட அனுப்பிவிட்டு, கடப்பாரையால் நெம்பி அந்த ஒரு சிலாப்பை நான் கவிழ்த்துப் போட்டேன். கோடு பள்ளத்தைப் பார்த்தது.

காருக்கு மட்டும்தான் சேதம் வரட்டும் என்று நினைத்ததாக முதலில் சொல்ல நினைத்தேன். சக்கரம் உள்ளே போகும், கிரேன் வரும், தெருவே கூடி வேடிக்கை பார்க்கும் என்று. அதுவும் நினைத்தேன்தான். ஆனால் அந்தக் கடை வாசலில் சிலாப்புகள் வரிசையாக இருக்கின்றன. நான் தேர்ந்தெடுத்தது அவர் கார்க்கதவைத் திறந்து கால் வைக்கிற இடம். முன்சக்கரமும் அவர் காலும் ஒரே சிலாப்பில் வரும். இரண்டு கால்வாய் சேருகிற இடம் என்பதால் அங்கேதான் ஆழம் அதிகம். இது எல்லாம் எனக்குத் தெரியும்.

வேறு யாராவது மிதித்தால் என்ன செய்வது என்று யோசிக்கவில்லையா என்று கேட்பீர்கள். யோசித்தேன். அங்கே யார் மிதிக்கப் போகிறார்கள்? அவர்தான் யாரையும் நடக்கவிடுவதில்லையே. இரவில் கார் போன பிறகும் ஜனங்கள் சாலையோடுதான் போகிறார்கள், பழகிவிட்டது. ஒருவேளை யாராவது ஒருவர் போகலாம். தனி ஆளின் கனத்தை அது தாங்கும் என்று கணக்குப் போட்டேன். வெடிப்பு விடாதவரை தாங்கும்.

பிறகு தினமும் வேலை முடிந்து வரும்போது நின்று பார்ப்பேன். கார் ஏறி இறங்கி ஏறி இறங்கி, ஒரு நாள் முடி மாதிரி ஒரு வெடிப்பு ஓரத்தில் தெரிந்தது. அது வளர்ந்தது. செடி வைத்தவன் தளிர் பார்ப்பதுபோல் பார்த்தேன், மறைக்க என்ன இருக்கிறது. கடைசி நாள் சாயங்காலம் கார் பின்னால் இறங்கும்போது அடியில் ஒரு சத்தம் கேட்டது. மற்றவர்களுக்கு அது ஒன்றுமில்லாத சத்தம். சிலாப்பின் நடுப்பகுதி ஒரு விரல் இறங்கியிருந்தது. இனிமேல் ஒரு கோழி நடந்தாலும் போய்விடும் என்று எனக்குத் தெரிந்தது. அங்கே ஒரு கல்லை வைத்துத் தடுத்திருக்கலாம். நான் வீட்டுக்குப் போனேன்.

அன்று நிம்மதியாகச் சாப்பிட்டேன். என் மனைவி எதிரில் உட்கார்ந்து என்னையே பார்த்தாள்.

"என்னங்க, இன்னிக்கு மொகம் தெளிவா இருக்கு?"

"சும்மாதான்."

"நாளைக்குக் காலைல நான் அக்கா வீட்டுக்கு நடந்தே போகப் போறேன்" என்றாள்.

"எப்படிப் போவ? நடைபாதைல அவன் கார் நிக்குமே."

அவள் சிரித்தாள். "அதெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றாள். ரொம்ப நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. என்ன பார்த்துக்கொள்வாய் என்று நான் கேட்கவில்லை. கார் நிற்கும், வாசல்வரை போய்த் திரும்பிவிடுவாள் என்று நினைத்தேன். அந்தப் பக்கம் போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்தான். சொன்னால் ஏன் என்று கேட்பாள். அவளிடம் பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

மறுநாள் நான் வேறு தெருவில் வேலையில் இருந்தேன். காது மட்டும் இந்தப் பக்கமே இருந்தது. ஒட்டடைக்குச்சி ஓடி வந்தான்.

"மேஸ்திரி, உங்க தெருவுல சிலாப் உள்ள போயிடுச்சாம். மெத்தைக்கடை வாசல்ல."

"காருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "கார் எங்க மேஸ்திரி இருந்துச்சு? அண்ணி மேஸ்திரி. நம்ம அண்ணி" என்றான்.

நான் முதலில் காரைத்தான் கேட்டேன் என்பதை அவன் உங்களிடம் சொல்லவில்லை. தன் வேலை போன பிறகும் சொல்லவில்லை. அதனால்தான் நானே சொல்கிறேன்.

மீதி விஷயம் ஆஸ்பத்திரி வராந்தாவில் தெரிந்தது. மெத்தைக்கடைக்காரர் உடம்பெல்லாம் சேறாக நின்று அழுதுகொண்டிருந்தார். அவர்தான் பள்ளத்தில் குதித்து அவளைத் தூக்கினாராம். அதற்கு நான் அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். பிடிக்கவில்லை. அவர் சொன்னார்: "நேத்து கடை மூடற நேரத்துல உங்க வீட்டு அக்கா கடைக்குப் போன் பண்ணாங்க அண்ணே. தம்பி, எனக்கு எங்க அக்காவைப் பாக்கணும் போல இருக்கு, வாக்கரை வச்சுக்கிட்டு ரோட்டுல எறங்கப் பயமா இருக்குன்னாங்க. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. இனிமே அங்க நிறுத்தவே மாட்டேன்க்கான்னு சொன்னேன். உங்ககிட்ட சொல்ல வேணாம், நடந்து காட்டினப்புறம் நானே சொல்றேன்னாங்க. காலைல காரைப் பின்தெருவுல விட்டுட்டு, வாசலைப் பெருக்கி வச்சு, அவங்க வர்றதைப் பாக்க நின்னுட்டிருந்தேன் அண்ணே."

அவள் நன்றாக நடந்து வந்தாளாம். இவரைப் பார்த்துக் கையை ஆட்டினாளாம். அன்று மத்தியானம் டாக்டர் வெளியே வந்து இல்லை என்று தலையை ஆட்டினார்.

மாதக்கணக்கில் நான் கேட்டபோது எடுக்காத காரை, அவள் ஒரு போன் பண்ணியதும் எடுத்துவிட்டார். நான் கேட்ட விதம் சரியில்லை என்று அவள் அக்கா சொல்கிறார். உரிமையைக் கேட்க என்ன விதம் வேண்டியிருக்கிறது? நடைபாதை நடக்கிறவர்களுக்கு. இதைச் சொல்லக் குழைய வேண்டுமா?

ஆக, ஒப்புக்கொள்கிறேன். சிலாப்பைக் கவிழ்த்தவன் நான். அது உடையப் போகிறது என்று தெரிந்தும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டவன் நான். ஒட்டடைக்குச்சிக்கு வேலையைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். எந்தத் தண்டனையானாலும் நான் முறையீடு செய்யப் போவதில்லை.

ஆனால் ஒன்றை மட்டும் விடாமல் எழுதுங்கள் ஐயா. அந்தக் கார் அங்கே நின்றிருந்தால் என் மனைவி இன்று உயிரோடு இருப்பாள். வருஷம் முழுக்க நடைபாதையில் நிறுத்துகிறவன், அன்றைக்கு ஒரு நாள் மட்டும் ஏன் நிறுத்தவில்லை என்று அவனைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.